அவன், அவள், அவர், அது



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாகப் பேச அழைத்திருக்கிறீர்கள். சொற்களைத் தோண்டி அவற்றுக்குள் புதைந்த வரலாற்றை வெளியே எடுத்தவர் அவர். 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில், எந்தப் பெயரை யார் யாருக்குச் சூட்டினார்கள், ஏன் சூட்டினார்கள் என்ற விசாரணை ஓயாமல் நடந்தது. அந்த விசாரணையின் தொடர்ச்சியாக இன்று நான்கு சிறு சொற்களை எடுத்துக்கொள்கிறேன்: அவன், அவள், அவர், அது.

திருநங்கையரும் திருநம்பியரும், இரண்டு பாலுக்குள்ளும் அடங்காதவர்களும், "எங்களை நாங்கள் சொல்லும் சொல்லால் குறிப்பிடுங்கள்" என்கிறார்கள். சிலர் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் "பிறந்தபோது என்னவோ அதுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "இது அமெரிக்காவிலிருந்து வந்த வம்பு" என்று சிலர் சொல்கிறார்கள். "முதலில் சாதி ஒழியட்டும், இதைப் பிறகு பார்க்கலாம்" என்பவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். கடைசி இரண்டு பேரோடுதான் எனக்குப் பேச்சு.

பிரதிப் பெயர் வெளிநாட்டுச் சரக்கா? எழுபது வயது தாத்தாவை மேலத்தெருச் சிறுவன் "வாடா" என்று கூப்பிட, தாத்தா அவனை "சின்னய்யா" என்று அழைத்த ஊர்கள் நம்முடையவை. நம் பாட்டிகளுக்கு "வாங்க" என்ற சொல் தெருவுக்குள் மட்டும்தான் கிடைத்தது. பள்ளிக்கூடம் போய் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பிள்ளையைக்கூட 'அவன்' என்றே குறித்து, அவனோடு படித்த மற்ற சாதிக்காரரை 'அவர்' என்றது ஊர். 'ன்', 'ர்' என்ற இரண்டு ஒற்றெழுத்துகளுக்கு நடுவில் ஒரு சேரிக்கும் ஊருக்கும் உள்ள தூரம் இருந்தது. இதை அனுபவித்தவர்களுக்கு, ஒரு பிரதிப் பெயருக்காக ஏன் இவ்வளவு பாடு என்ற கேள்வி வரக்கூடாது.

தமிழில் பாலும் மரியாதையும் வினைச்சொல்லின் வாலிலேயே தொங்குகின்றன. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. வாக்கியத்தை முடிக்கும்போதே ஒருவரை எங்கே வைக்கிறோம் என்று சொல்லிவிடுகிறோம். அதனால் நம் இலக்கணக்காரர்கள் இந்தக் கேள்வியை அன்றே எதிர்கொண்டார்கள். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் உயர்திணையில் வைக்கிறது. அதற்கென்று தனி ஈறு இல்லை என்றும், ஆண்பாற் சொல் அதற்குப் பொருந்தாது என்றும் விதி செய்கிறது. பின்னால் வந்த நன்னூல், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பியவர் பெண்பால், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பியவர் ஆண்பால் என்கிறது. விருப்பம்தான் அங்கே அளவுகோல். ஆனால் அதே நூற்பா, இருவரும் அஃறிணை போலவும் வருவர் என்று முடிகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிறது. அந்த அஃறிணைதான் இன்று பேருந்து நிலையத்தில் 'அது வருது பாரு' என்று கேட்கிறது. நம்மைப் பார்த்து 'அதுங்க', 'இதுங்க' என்ற வாய்களும் அந்த இலக்கணத்தைத்தான் பேசின.

பெயர் விஷயத்துக்கு வருவோம். பண்டிதர் தம் மக்களைச் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்றார். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். பண்டிதருக்கு அதில் உடன்பாடில்லை. 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து 'ஆதி திராவிடர்' என்ற பெயரை அரசு ஆவணங்களில் ஏற்ற வழிசெய்தார். மூவரும் மூன்று திசையில் நின்றாலும் ஒன்றில் ஒத்துப்போனார்கள்: எங்கள் பெயரை நாங்கள் முடிவு செய்வோம். அலி, பேடி என்ற வசவுகளிலிருந்து அரவாணி, அதிலிருந்து திருநங்கை, திருநம்பி, திருநர் என்று இன்னொரு கூட்டம் நடந்துவந்திருப்பதும் இதே பாதைதான். அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு, இருக்கட்டும். அதைத் தீர்த்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுடையது.

'எல்லாரையும் அவர் என்றால் தீர்ந்தது' என்று நல்ல மனதோடு சொல்பவர்கள் உண்டு. அறிமுகமில்லாதவருக்கு 'அவர்' நல்ல இருக்கை. அதையே தங்கள் சொல்லாகத் தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தன் அக்காவை 'அவள்' என்று வாஞ்சையோடு சொல்லும் குடும்பம், திருநங்கையான தங்கையை மட்டும் 'அவர்' என்றால், அந்த மரியாதைக்குள் ஒரு விலக்கம் இருக்கிறது. தனிக் குவளையில் தேநீர் கொடுத்தாலும் கொடுத்தது தேநீர்தானே என்று நாம் சமாதானம் ஆனதில்லை. ஆகவே ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடுவோம்.

சட்டம் என்ன சொன்னது? 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்வது ஒருவரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, அதற்கு மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கிவரச் சொன்னது. சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலக வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இனி, 'முதலில் சாதி' என்பவர்களுக்கு. லிவிங் ஸ்மைல் வித்யாவும் கிரேஸ் பானுவும் தலித்துகள், திருநங்கைகள். காலையில் தலித்தாகவும் மாலையில் திருநங்கையாகவும் அவர்கள் வாழவில்லை. தமிழ்நாடு அரசு 2015-இல் திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தபோது, தலித் திருநங்கை எந்த வரிசையில் நிற்பது என்ற கேள்வி எழுந்தது. அதனால்தான் கிரேஸ் பானுவும் தோழர்களும் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்கிறார்கள். அதாவது, ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்கு ஓர் உள்பங்கு. கர்நாடகம் 2021-இல் அரசுப் பணிகளில் 1 சதவீதம் அப்படிக் கொடுத்தது. இதை நம் இயக்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். அவர்கள் கேட்பது நம் பங்கை அல்ல. நம் பங்குக்குள் இருக்கும் தங்கள் பங்கை.

கடைசியாக, நாளையே செய்யக்கூடிய சில காரியங்கள். எதிரியைத் திட்ட 'பொட்டை', 'பேடி' என்ற சொற்கள் நம் மேடைகளில் இன்னும் ஒலிக்கின்றன. அவற்றைக் கீழே போடுவோம். நம் இதழ்களில் ஒருவரைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது பெயரையும் பிரதிப் பெயரையும் அவரிடமே கேட்டு அச்சிடுவோம். ஒரு திருநங்கை இறந்தால், அவர் விட்டுவந்த பெயரை அஞ்சலிச் சுவரொட்டியில் போட வேண்டும் என்று உறவினர் வற்புறுத்தலாம். அப்போது இறந்தவரின் பக்கம் நிற்போம். அந்த நேரத்தில் அவரால் பேச முடியாது. பேசக்கூடியவர்கள் நாம்தான்.

இதற்குச் செலவில்லை. ஆனாலும் ஊர் நமக்கு ஒரு 'ங்க' கொடுக்க எத்தனை தலைமுறை எடுத்துக்கொண்டது என்று நமக்குத் தெரியும். அவ்வளவு காலம் நாம் யாரையும் காக்க வைக்கக்கூடாது.