கோயிலிலிருந்து கிளம்பிய ராக்கெட்
(சேரப்பணஞ்சேரியில் தொழிலாளர் முன் பேசியதன் சாராம்சம்)



கோயிலை வேறு காரியத்துக்கு உபயோகித்தால் ஊரே நாசமாய்விடும் என்பதாக நம் ஜனங்களுக்கு ஒரு பயம் இருந்து வருகிறது. அப்படி உபயோகித்த இடங்களில் நடந்ததென்ன?

ஹாலந்து தேசத்து மாஸ்ட்ரிக்ட் நகரில் 1294-ல் பிரதிஷ்டையான கிறிஸ்தவக் கோயிலொன்று இருக்கிறது. 1794-ல் பிரஞ்சுப் படை புகுந்தபின் அங்கு பூசை நின்றது. பிறகு அது கிடங்காயிற்று, சைக்கிள் கொட்டகையாயிற்று, 2006-ல் புத்தகக் கடையாயிற்று. ஊர் நாசமாயிற்றா? இல்லையே!

அவ்வளவு தூரம் போவானேன்? திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவர் கிராமம். பூமியின் காந்த மத்தியரேகை அதனருகே போவதால், ராக்கெட் விட்டு மேல்வெளியை ஆராய அவ்விடம் தேவைப்பட்டது. விக்ரம் சாராபாய் அவர்கள் பிஷப் பெரேரா அவர்களிடம் கேட்டார். பிஷப், பூசைக்கு வந்த ஜனங்களையே கேட்டார். அவர்கள் மேரி மக்தலேனா கோயிலையும், தாங்கள் குடியிருந்த வீடுகளையும் விட்டுக் கொடுத்தார்கள். பிரார்த்தனை அறை ஆராய்ச்சிசாலையாயிற்று. ராக்கெட்டின் பாகம் சைக்கிளில் போயிற்று. 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட் கிளம்பிற்று. கோயில் இன்று விண்வெளிக் காட்சிசாலையாக நிற்கிறது.

தோழர்களே! விட்டுக் கொடுத்தவர்கள் ராஜாக்களல்ல, ஜமீன்தார்களல்ல. வலைவீசிப் பிழைத்த ஏழைகள். படித்த விஞ்ஞானிகள் செய்வதென்ன? ராக்கெட்டின் மாதிரியைத் திருப்பதிக்குத் தூக்கிப்போய் ஆசீர்வாதம் வாங்குகிறார்கள்! விஞ்ஞானத்துக்காகக் கோயிலைக் கொடுத்தவன் பாமரனாம். விஞ்ஞானத்தைக் கோயிலில் கொண்டுபோய் வைப்பவன் மேதாவியாம்! இதென்ன நியாயம்?

2019-ல் சந்திரயான்-2-ன் இறங்குகலம் நிலவில் மோதி விழுந்தது. 2023 ஆகஸ்டு 23-ல் அடுத்தது பத்திரமாய் இறங்கியது. நடுவில் காரியம் செய்தது எது? கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்கும் இடத்தை விசாலமாக்கினார்கள். குற்றத்தைக் கண்டுபிடித்துத் திருத்திய அறிவல்லவா ஜெயித்தது?

ஒரகடத்து ஆலைகளில் வேலை செய்யும் உங்களுக்கா இது தெரியாது? ஆயுத பூசையன்று மெஷினுக்குப் பொட்டு வைக்கிறீர்கள். மறுநாள் அது நின்றால் தேங்காயா உடைக்கிறீர்கள்? திருப்புளியைத்தானே எடுக்கிறீர்கள்! மெஷினிடம் காட்டும் அந்த அறிவை வீட்டிலும் வீதியிலும் காட்டுங்கள் என்பதுதான் நமது வேண்டுகோள்.

கோயிலை இடியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. புதிதாய் ஒரு கோபுரத்துக்கு உங்கள் கூலியிலிருந்து வசூல் கேட்டு வருகிறவரிடம், "ஐயா, நம் பிள்ளைகளுக்கு வாசகசாலை எங்கே?" என்று கேளுங்கள். தும்பா மீனவருக்கு இருந்த துணிச்சல் நமக்கு ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.