வீட்டு விளக்கும் மின் கட்டணமும்

(தேவதானத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் டிரஸ்டுக்கு வரும் உதவி மனுக்களில் கரண்ட் பில் கட்ட முடியவில்லை என்று வருபவையும் உண்டு. இயன்றதைக் கொடுக்கிறோம். ஆனால் பில் எங்கே ஏறுகிறது என்று பார்க்காமல் பணம் மட்டும் கொடுத்தால், இரண்டு மாதம் கழித்து அதே மனு திரும்ப வரும். ஆகவே இன்று பல்பைப் பற்றிப் பேசுகிறோம்.

60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாத ரீடிங்கில் 18 யூனிட். கிட்டத்தட்ட அதே வெளிச்சம் தரும் 14 வாட் சுருள் பல்பு, அதாவது சிஎப்எல், 4 யூனிட்டுக்குச் சற்று மேல். 9 வாட் எல்இடி 3 யூனிட் கூட இல்லை. வீட்டில் நான்கு குண்டு பல்பு இருந்தால் 72 யூனிட். நான்கு எல்இடிக்கு 11 யூனிட்டுக்குள். 2016 முதல் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால் பங்கை அந்தக் குண்டு பல்புகளே தின்றுவிடும். அதற்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிச்சமாக வருவதில்லை, சூடாகவே போகிறது.

ராத்திரி எரியும் ‘ஜீரோ வாட்’ பல்பு பேரில்தான் ஜீரோ. பழைய வகை 15 வாட் வரை இழுக்கும். இரவு முழுவதும் எரியவிட்டால் இரண்டு மாதத்தில் 9 யூனிட்.

கூட்டுக் குடும்பமாக ஒரே மீட்டரில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 500 யூனிட்டை ஒன்றே ஒன்று தாண்டினாலும், 101 முதல் 200 வரையிலான சலுகை விலை கிடைக்காது. அந்த ஒரு யூனிட்டால் பில் 200 ரூபாய்க்கு மேல் கூடிவிடும். சஹர் நேரத்து விளக்கு, விருந்தாளிகள் என்று ரமலானில் எல்லை தாண்டும் வீடுகள் உண்டு.

சிஎப்எல்லில் ஒரு குறை உள்ளே இருக்கும் பாதரசம். சில மில்லிகிராம்தான். ஆனால் தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் அலட்சியம் கூடாது. உடைந்துவிட்டால் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், தூள் பரவும். கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.

எல்இடியில் பாதரசம் இல்லை. விலையும் எட்டாததல்ல. 2014-ல் அரசு கொள்முதலிலேயே 310 ரூபாயாக இருந்த பல்பு, 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது. ஆனால் பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். தினம் 5 மணி என்றால் அது 13 வருடக் கணக்கு! எரியும் சில்லு கெடுவதற்கு முன்பே உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட், சூட்டிலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் போய்விடுகிறது. காற்றுப் போகாத மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் இன்னும் சீக்கிரம் போகும். பிஐஎஸ் முத்திரையும் பதிவு எண்ணும் இல்லாத தெருவோரப் பல்பு மலிவு போலத் தெரிந்தாலும், மூன்று முறை வாங்கினால் நல்ல பல்பின் விலை வந்துவிடும். பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள், வாரண்டி கேட்க உதவும்.

தையல் மெஷின் வைத்திருக்கும் சகோதரிகளும், படிக்கிற பிள்ளைகளும் சிக்கனம் என்று 5 வாட்டில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 9 அல்லது 12 வாட் போடுங்கள். படுக்கும் அறைக்கு நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் கலந்த வெளிச்சம் நல்லது.

எரிந்துகொண்டிருக்கும் சிஎப்எல்லை இன்றே கழற்ற வேண்டியதில்லை, ஓடும் வரை ஓடட்டும். குண்டு பல்பை மட்டும் முதலில் மாற்றுங்கள். அதன் பிறகு பழைய ஃபேனைப் பாருங்கள். 75 வாட் ஃபேன் தினம் 15 மணி ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு 27 யூனிட்தான். விலை கூடுதல் என்பதால் அதை அவசரப்படுத்த மாட்டோம்.

கெட்டுப்போன சிஎப்எல், டியூப் லைட்டுகளைக் குப்பையிலோ ஓடையிலோ போட வேண்டாம். டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். உடையாமல் பழைய காகிதத்தில் சுற்றி, ஜும்ஆ முடிந்ததும் கொண்டுவந்து கொடுங்கள். மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் நாங்கள் சேர்த்துவிடுகிறோம். மனு கொடுப்பவர்கள் கடைசி இரண்டு பில்லையும் கூடவே எடுத்து வாருங்கள்.