மூழ்கிய கம்பெனிக்கு யார் வக்கீல்?

(ஏற்காட்டில் தோட்டத் தொழிலாளர்களும் சேலம் வட்டார ஆலைத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நமது முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



மழை இறங்கும்போல் இருக்கிறது. சேலம் போகிற கடைசி பஸ்ஸும் நமக்காகக் காத்திருக்காது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

கம்பெனி திவாலானால் தொழிலாளி கதி என்ன என்று பேச எங்களை அழைத்தீர்கள். பெரிய விஷயம். அதில் ஒரே ஒரு மூலையைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம். மூழ்கிய கம்பெனிக்காக இன்று கோர்ட்டில் நிற்கிற வக்கீல் ஆபீஸ், நேற்று யாருக்காக நின்றது?

"வக்கீல் சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். கேட்கட்டும். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டோம். பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

சில வருஷங்களுக்கு முன், இந்த மலைக்குக் கீழே ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். தீபாவளிக்கு போனஸ் கேட்டோம். ஆலை நஷ்டத்தில் நடக்கிறது, கொடுக்க முடியாது என்று ஒரு வக்கீல் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அதே வருஷம் புது ரிங் பிரேம்கள் ராத்திரியோடு ராத்திரியாக லாரி ஏறிப் போயின. எங்கே போகின்றன என்று கேட்டோம். முதலாளியின் மைத்துனர் கம்பெனிக்கு விற்றாகிவிட்டது, பத்திரமெல்லாம் கிரமமாக இருக்கிறது என்று அதே ஆபீஸ் மறுகடிதம் எழுதியது. அடுத்த வருஷம் பாங்கி திவால் வழக்குப் போட்டது. தீர்ப்பாயம் ஒரு பொறுப்பாளரை நியமித்தது. மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

ரீலிங்கில் 22 வருஷம் வேலை பார்த்த ஒரு அம்மாள், பழைய கடிதங்களையெல்லாம் தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அவற்றை எடுத்து வந்து நோட்டீசுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் தலைப்பில் அச்சிட்டிருந்த தராசுப் படம் இரண்டிலும் ஒன்றே என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மெட்ரிக் படித்த எங்களுக்குத் தெரியவில்லை!

முதலாளிக்குப் பத்திரம் எழுதிய ஆபீஸ்தான் இப்போது பொறுப்பாளருக்கும் வக்கீல்.

இதில் என்ன குற்றம் என்கிறீர்களா? திவால் சட்டம் 2016ல் வந்தது. கம்பெனி மூழ்குவதற்கு முன் சொத்தை அள்ளி வேண்டியவர்களுக்குக் கொடுத்திருந்தால், பொறுப்பாளர் அதைக் கண்டுபிடித்துத் தீர்ப்பாயத்தில் சொல்ல வேண்டும் என்று அதில் 43, 45, 66 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. ஒரு கடன்காரரை மட்டும் முந்திக் கவனித்திருந்தால், வாங்கியவர் உறவு என்றால் இரண்டு வருஷம் பின்னோக்கிப் பார்க்கலாம். அந்நியர் என்றால் ஒரு வருஷம். அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தால் அதையும் ரத்து செய்யலாம். சரி, மைத்துனருக்கு ரிங் பிரேம் விற்ற பத்திரம் செல்லாது என்று பொறுப்பாளருக்கு யோசனை சொல்ல வேண்டியவர் யார்? அவருடைய வக்கீல். அந்தப் பத்திரத்தை எழுதியவர் யார்? அதே வக்கீல். வேலிக்கு ஓணான் சாட்சி!

வக்கீல்களில் நல்லவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். காசு வாங்காமல் நமக்காக வாதாடியவர்களை நாம் மறக்கவில்லை. அந்த ஆபீசில் இருந்தவர்களும் யோக்கியர்களாகவே இருக்கலாம். ஆனால் தான் எழுதியதைத் தானே தப்பு என்று சொல்ல எவருக்கும் நாக்கு எழாது. ஒரு கட்சிக்கு யோசனை சொன்ன வக்கீல் அதே விவகாரத்தில் எதிர்க்கட்சிக்கு நிற்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி சொல்கிறது. முதலாளி வேறு, கம்பெனி வேறு என்பதை நாம் எடுத்துக் காட்டினால்தான் அந்த விதி உயிர் பெறும். முதலாளி கையில் இருந்தவரை "கம்பெனி" என்றால் அவர்தான். பொறுப்பாளர் வந்த நிமிஷம் முதல் "கம்பெனி" என்றால் கடன் கொடுத்தவர்கள், பாக்கி உள்ள தொழிலாளர்கள் எல்லோரும். பெயர்ப்பலகை மாறவில்லை, கட்சி மாறிவிட்டது.

இன்னொன்று, கூலி விஷயம். கம்பெனியைக் கலைத்து விற்றால் பணத்தை எந்த வரிசையில் பங்கிடுவது என்று 53வது பிரிவு சொல்கிறது. முதலில் யாருக்கு? திவால் நடவடிக்கைச் செலவுக்கு. பொறுப்பாளர் ஊதியமும் அவர் அமர்த்திய வக்கீல் பீசும் அதில் அடக்கம். முழுசாகக் கொடுத்துத் தீர வேண்டும். அதற்குப் பிறகுதான் தொழிலாளியின் 24 மாதச் சம்பள பாக்கி, அதுவும் அடமானம் வைத்திருக்கிற பாங்கியோடு சமமாக. பி.எப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகள் இந்தப் பங்கீட்டுக்கு வெளியே. அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று 36வது பிரிவு இருக்கிறது. ஆக, நம் சம்பளத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கிற வக்கீல் யாருடைய ஆள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. வெளிநாட்டில் எப்.டி.எக்ஸ். என்று ஒரு கம்பெனி. கையால் தொட முடியாத கம்ப்யூட்டர் நாணயங்களை வாங்கி விற்கிற சந்தை அது. 2022 நவம்பரில் திவாலாயிற்று. லட்சக்கணக்கான பேர் போட்ட பணம் சிக்கிக்கொண்டது. அதற்கு வக்கீலாக வந்தது சல்லிவன் அண்ட் கிராம்வெல் என்ற பெரிய நியூயார்க் ஆபீஸ். திவாலுக்கு முன்பே இதே கம்பெனிக்கு வேலை செய்து 80 லட்சம் டாலருக்கு மேல் வாங்கிய ஆபீஸ். அங்கே பங்குதாரராக இருந்த ஒருவர் கம்பெனியின் அமெரிக்கக் கிளைக்கே தலைமை வக்கீலாகவும் போயிருந்தார். ஆட்சேபணை கிளம்பியது. கோர்ட்டு 2023 ஜனவரியில் ஆட்சேபணையைத் தள்ளி அந்த ஆபீசையே அனுமதித்தது. வெளியாள் ஒருவரை வைத்து ஆராய வேண்டும் என்ற கோரிக்கையும் முதலில் எடுபடவில்லை. மேல் கோர்ட்டு 2024 ஜனவரியில்தான், ஆய்வாளரைப் போட்டே தீர வேண்டும் என்றது. அவர் ஆராய்ந்து, அந்த ஆபீஸ் மீது குற்றம் காணவில்லை என்றார். அதையும் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனால் அந்த நற்சாட்சி கிடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த ஆபீஸ் வாங்கிய பீஸ் மொத்தம் நம் கணக்கில் ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. முதல் நாளே வெளியாளை வைத்துப் பார்த்திருந்தால் யாருக்கு நஷ்டம்?

நம் நாட்டிலும் இப்படி ஒரு வழக்கு வந்தது. மெடெனேர் என்ற கம்பெனி மீது ஸ்டேட் பாங்கி வழக்குப் போட்டு, தன்னிடமே 39 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பொறுப்பாளராக்கச் சொன்னது. வேறு ஆளைச் சொல்லுங்கள் என்றது தீர்ப்பாயம். 2020 மே மாதம் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. அவர் தப்பு செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. அவ்வளவு நீண்ட உறவு இருந்தால் மற்றவர் சந்தேகப்படுவது நியாயம்தானே என்றார்கள். பொறுப்பாளருக்குப் பொருந்துகிற நியாயம் அவருடைய வக்கீலுக்குப் பொருந்தாதா? 2018 ஜனவரியில் திவால் வாரியம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பொறுப்பாளர் அமர்த்துகிற வக்கீலுக்கும் கணக்கருக்கும் அந்தக் கம்பெனியோடு முன்தொடர்பு உண்டா என்பதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. சட்டம் பேசுகிறது. கேட்கத்தான் ஆளில்லை.

கேட்கிற உரிமையும் சும்மா வரவில்லை, தோழர்களே. கோவையில் ஒரு குடும்பக் கம்பெனி. பங்காளிச் சண்டை முற்றி, கம்பெனியையே கலைத்துவிடு என்று ஐகோர்ட்டுக்குப் போனார்கள். எங்களையும் கேளுங்கள் என்று தொழிற்சங்கம் போய் நின்றது. உங்களுக்கு இங்கே இடமில்லை என்றது ஐகோர்ட்டு. சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 1982 டிசம்பரில், ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர், நீதிபதி பகவதி முதலானோர், கலைக்கும் வழக்கில் தொழிலாளியின் பேச்சையும் கேட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். இரண்டு பேர் மறுத்தார்கள். ஒரே ஓட்டில் கிடைத்த உரிமை! கான்பூர் சணல் ஆலைத் தொழிலாளர் வழக்கில், சங்கமே தொழிலாளர் சார்பில் திவால் மனுப் போடலாம் என்று 2019ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

ஆனாலும் கடன் கொடுத்தவர் கமிட்டியில் நமக்கு ஓட்டு கிடையாது. நம் போன்றவர்களின் பாக்கி மொத்தக் கடனில் பத்து சதமாவது இருந்தால் பிரதிநிதி போய் உட்காரலாம், அவ்வளவுதான். ஓட்டு இல்லாதவனுக்குக் கேள்விதான் ஆயுதம்.

அந்த நூற்பாலையில் என்ன நடந்தது? அந்த அம்மாளின் கடிதங்களைச் சேர்த்து மனுக் கொடுத்தோம். வக்கீல் ஆபீஸ் தானாகவே விலகிக்கொண்டது. ஆனால் அதற்குள் ஏழு மாதம் போய்விட்டது. ரிங் பிரேம்கள் இன்னும் இரண்டு கை மாறிவிட்டன. எங்கள் தப்பையும் சொல்கிறோம். பாக்கிக் கணக்கைக் கொடுக்க நோட்டீஸில் போட்டிருந்த கெடு 14 நாள். அந்த 14 நாளும் நாங்கள் ஊர்வலம் நடத்திக்கொண்டிருந்தோம். ஊர்வலம் வேண்டியதுதான். ஆனால் பாரத்தையும் பூர்த்தி செய்திருக்க வேண்டும். பிறகு தாமத மனுவோடு அலைந்தோம்.

இதெல்லாம் மில் கதை, நாங்கள் தோட்டத்தார் என்று நினைக்காதீர்கள். கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820களில், இந்த மலையில் காப்பிச் செடி ஊன்றினார்கள். அன்றிலிருந்து தோட்டங்கள் எத்தனை கை மாறியிருக்கின்றன! மேட்டூர் மால்கோவுக்கு பாக்சைட் ஏற்றிப்போன லாரிகள் நின்றதையும் பார்த்தவர்கள் நீங்கள். தோட்டம் கம்பெனியின் பெயரில் இருந்தால் நீங்கள் குடியிருக்கிற லைன் வீடும் சொத்துக் கணக்கில்தான் வரும். அதை யார் பெயருக்கு எப்போது எழுதினார்கள், எந்த வக்கீல் எழுதினார் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். சொத்தை அடிமாட்டு விலைக்கு விற்றதைப் பொறுப்பாளர் தெரிவிக்காவிட்டால், 47வது பிரிவின்படி கடன் கொடுத்தவர் எவரும் தீர்ப்பாயம் போகலாம். சம்பள பாக்கி உள்ள தொழிலாளியும் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்தான்.

பொறுப்பாளர் வந்த முதல் வாரத்திலேயே பதிவுத் தபாலில் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் வக்கீல் கடந்த மூன்று வருஷத்தில் இந்தக் கம்பெனியிடமோ முதலாளி குடும்பத்திடமோ பீஸ் வாங்கியதுண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று கேளுங்கள். நகலைச் சென்னைத் தீர்ப்பாயத்துக்கும் அனுப்புங்கள்.

மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டிருக்கிறோம். தொழிலாளியின் பாக்கிக்கு 'டி' பாரம், எல்லோருக்கும் சேர்த்துச் சங்கம் கொடுப்பதானால் 'இ' பாரம், இரண்டும் அங்கே இருக்கின்றன. மூடிக்கிடக்கிற ஆலைத் தோழர்கள் சம்பளச் சீட்டும் பி.எப். நம்பரும் கொண்டு வந்திருந்தால் இப்போதே எழுதித் தருகிறோம். பழைய கடிதம், நோட்டீஸ், கிழிந்த துண்டானாலும் சரி, வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்துக்கு வருகிறோம், எடுத்துக்கொண்டு வாருங்கள்.