வந்திக்கு வந்த கூலியாள்

(திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்த்திய சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆலவாய் அண்ணல் மதுரையம்பதியில் நிகழ்த்திய திருவிளையாடல்கள் 64. அவற்றுள் 61-ஆவதாகப் பரஞ்சோதி முனிவர் பாடியருளிய மண் சுமந்த திருவிளையாடலை அறியாதார் நம்மில் இலர். வைகையில் பெருவெள்ளம் வந்தது, கரை உடைந்தது, வீட்டிற்கு ஓர் ஆள் வந்து தத்தம் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்குக் கணவன் இல்லை, மகன் இல்லை, கூலிக்கு அமர்த்தவும் ஆள் கிடைக்கவில்லை. அப்போது கூடையும் மண்வெட்டியுமாக இறைவனே கூலியாளாய் வந்தான். உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசிக்கொண்டான். அன்று அவிந்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போயிற்று.

இக்கதையைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் பிரம்படியில் போய் நின்றுவிடுகிறோம். இறைவன் முதுகில் விழுந்த அடி எல்லா உயிர்களின் முதுகிலும் பட்டது என்று மெய்சிலிர்க்கிறோம். அது சரியே. ஆனால் அடிக்கு முன்னே நடந்தவை இரண்டு. ஒன்று, அந்த ஊரில் அத்தனை வீடுகள் இருந்தும், தள்ளாத கிழவியின் பங்கை நான் அடைக்கிறேன் என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. மற்றொன்று, வந்தி இறைவனிடம் இரந்து நிற்கவில்லை. வேலைக்குக் கூலி பேசினாள். கொடுக்கக் கையில் பொருளின்றிப் போகவில்லை அவள்; ஆள்தான் இன்றிப் போனாள். முதுமையைப் பற்றிப் பேச வந்த அடியேன் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டே பேச விரும்புகிறேன்.

நம் விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த கரிசல் பூமி. 1923-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதன் பின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று தொழில்கள் பெருகி, மழை பொய்த்த ஊர்களிலும் அடுப்பு எரிந்தது. அதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். அதே நேரத்தில் இத்தொழிலில் இளமையைச் செலவிட்டவர்களின் முதுமை எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தீக்குச்சி அடுக்கிய கையும், காகிதக் குழாய் சுற்றிய கையும், திரி செருகிய கையும் அறுபதைத் தாண்டும்போது அவர்களுள் பலரிடம் சேமிப்பு என்று ஒன்று இருப்பதில்லை. பிள்ளைகள் திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போயிருப்பார்கள்.

பிள்ளைகள் போன இடம் வேறாகவும் இருக்கக்கூடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பேரிழப்பு. 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி. ஒவ்வொரு முறையும் இறந்தவர் எண்ணிக்கையை நாளிதழில் படிக்கிறோம். இழப்பீட்டுத் தொகையைப் படிக்கிறோம். உழைக்கும் வயதில் மாண்ட ஒரு மகனுக்குப் பின்னால் வீட்டில் ஒரு தாய் இருப்பாள், பேரக் குழந்தைகள் இருப்பார்கள். எழுபது வயதில் அவள் மறுபடியும் தாயாக வேண்டியிருக்கிறது. அவளுக்கு யார் தாய்? வந்தியின் பங்குக் கரை நம் தெருவிலேயே உடைந்து கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

திருக்கோயில் மண்டபத்தில் பேசத் தயங்கும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தென் மாவட்டங்களின் சில சிற்றூர்களில், நம் மாவட்டத்திலும், தலைக்கூத்தல் என்னும் வழக்கம் இருந்து வந்தது 2010-ஆம் ஆண்டில் நாடெங்கும் செய்தியாயிற்று. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் உலகை விட்டு அனுப்பிவைப்பது அது. அதைக் கருவாகக் கொண்ட 'பாரம்' என்னும் திரைப்படம் தேசிய விருதும் பெற்றது. செய்தவர்கள் அதனைக் கருணை என்றே சொல்லிக்கொண்டார்கள். வறுமை, மருத்துவச் செலவு, பார்த்துக்கொள்ள ஆளின்மை ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தச் சொல்லை அவர்கள் வாயில் வைத்தன. அது கருணை அன்று, கொலை. எந்தச் சாத்திரமும் அதற்கு இடம் தரவில்லை. ஆயினும் அந்த வீட்டாரை மட்டும் பழித்துவிட்டு எழுந்து போவது நமக்கு எளிது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புரட்டிப்போட ஓர் ஆள், புண்ணுக்கு மருந்திட ஓர் ஆள், வேலைக்குப் போகும் மருமகளுக்குப் பகலில் மாற்றாக ஓர் ஆள் அந்தத் தெருவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று அவதரித்தவர் பகவான் இரமண மகரிஷி. 1896-இல் வீட்டைத் துறந்து திருவண்ணாமலை சேர்ந்தார். இரண்டாண்டு கழித்துத் தாயார் அழகம்மாள் தேடிச் சென்று அழைத்தபோதும் அவர் திரும்பவில்லை. ஆனால் 1916-இல் அந்த அம்மையார் மகனிடமே வந்து தங்கியபோது, துறவியாகிய அவர் தாயைத் துறக்கவில்லை. அம்மையார் அங்கே அடுப்பு மூட்டி அடியார்களுக்குச் சமைத்தார். 1922 மே 19 அன்று அவருடைய இறுதி நாளில் பகவான் அருகிலேயே அமர்ந்து, நெஞ்சிலும் தலையிலும் கை வைத்தபடி இருந்தார். அச்சமாதியின் மேல் எழுந்ததே மாத்ருபூதேசுவரர் ஆலயம். முற்றும் துறந்தவருக்கே தாயின் பக்கத்தில் அமர நேரம் இருந்தது. தாயார் வெறுமனே உண்டு உறங்கும் விருந்தினராக அங்கே இருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் கையில் ஒரு கரண்டி இருந்தது.

முதியோர் இல்லங்கள் பெருகுவதே கலியின் அடையாளம் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அடியேனுக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பிள்ளையற்றவர், பிள்ளையை விபத்தில் இழந்தவர், மணமாகாதவர், பிள்ளையே வறுமையில் வாடுபவர், இவர்களெல்லாம் எங்கே போவார்கள்? இல்லத்தில் இருக்கும் ஒரு தாயைப் பார்த்தவுடன், "பிள்ளைகள் விட்டுவிட்டார்களா அம்மா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆறுதல் சொல்வதாக அவர்கள் எண்ணம். அந்தத் தாய்க்கு அது ஆறாத புண்ணைக் கிளறுவதாகும்.

இவ்வகை அறம் நமக்குப் புதியதும் அன்று. காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவச்சாலை, நடைபெற்றதை அது கூறுகிறது. நோயாளிக்கு நாள்தோறும் நாழி அரிசி என்று வகுத்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. மருத்துவருக்கு என்ன ஊதியம், அறுவை மருத்துவம் செய்பவருக்கு என்ன, மூலிகையும் விறகும் கொணர்வோருக்கு என்ன, மருந்தூட்டும் பெண்டிருக்கு என்ன, இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். அன்னம் கொடுத்தால் மட்டும் போதாது, பணி செய்பவருக்குக் கூலியும் கொடுத்தாக வேண்டும் என்பது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய நன்கொடைகளை நோக்குங்கள். பிறந்தநாள், திருமணநாள், திதி, தீபாவளி என்றால் இல்லங்களில் இலை போட இடம் இருக்காது. ஒரே நாளில் மூன்று வீட்டாரின் சர்க்கரைப் பொங்கல் வந்து சேரும். உண்பவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். இலைக்கு முன்னே அமரவைத்துப் படமும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் ரசமும் சோறும்தான். இரவுப் பணிப்பெண்ணின் ஊதியத்துக்கும், முதியோர் அணியாடைக்கும், மின்கட்டணத்துக்கும், கழிப்பறைக் கைப்பிடிக்கும் கொடுக்க எளிதில் ஒருவரும் கிடைப்பதில்லை. அவற்றில் பெயர் எழுத இடம் இல்லை அல்லவா?

இந்த இடத்தில் நம் விருதுநகர் முன்னோர்கள் காட்டிய வழியை விரித்துச் சொல்ல விரும்புகிறேன். விருதுபட்டி என்று இவ்வூர் அழைக்கப்பட்ட அந்நாளில், கல்விக்கூடம் நடத்த வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தார்கள். அப்படி வளர்ந்ததே சத்திரிய வித்தியாசாலை. பெருந்தலைவர் காமராசர் படித்த பள்ளி அது. அன்றாடம் உலைக்கு அரிசி எடுக்கும் தாய், அதில் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். குறித்த நாளில் வந்து வாங்கிச் செல்வார்கள். வணிகர்களோ விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை செலுத்தினார்கள். அது கோயிலுக்கும் குளத்துக்கும் பள்ளிக்கும் பொதுப்பணமாயிற்று.

இதன் நுட்பத்தைக் கருதிப் பாருங்கள். ஒரு பிடி என்பது 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூறு வீடு சேர்ந்தால் நாளொன்றுக்கு 5 கிலோ. ஒரு முதியவருக்கு நாளைக்கு 300 கிராம் என்று கணக்கிட்டால் 16 பேர் உண்ணலாம். திருமுக்கூடல் ஆதுலசாலைக்கும் கூடுதலாகவே ஒரு பங்கு! நூறு வீட்டில் ஒரு வீடும் அதனால் இளைத்துவிடாது. கொடுத்தவர் யார், குறைத்தவர் யார் என்று கலயத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஏழை வீட்டுப் பிடியும் செல்வர் வீட்டுப் பிடியும் ஒரே சாக்கில் கலந்துவிடும். உண்ணும்போது ஒரு பிடியைப் பிறருக்கு ஒதுக்குவதைத் திருமூலநாயனார் இறைவனுக்குப் பச்சிலை இடுவதோடு சேர்த்து எண்ணியதும் இதனால்தான் போலும். தீபாவளிக்குத் தீபாவளி வரும் வெள்ளத்தைவிட அன்றாடம் கசியும் ஊற்றே முதியோருக்கு வேண்டும். வணிகப் பெருமக்கள் மகமையைப் பணியாளர் ஊதியத்துக்கென்றே ஒதுக்கினால், அரிசியும் ஆளும் இரண்டும் அமைந்துவிடும்.

இனி வந்தி பேசிய கூலிக்கு வருவோம். இல்லத்தில் இருப்போரைப் பெறுபவர்களாகவே வைத்திருப்பது பெரிய குறை. பட்டாசுத் திரி முறுக்கிய கைகளுக்கு விளக்குத்திரி முறுக்கத் தெரியாதா? திருக்கோயிலுக்கு வேண்டிய திரியை அவர்களிடம் கேளுங்கள். பூத்தொடுக்கச் சொல்லுங்கள். சின்ன வெங்காயம் உரிக்கும் இடத்தில் நான்கு பாட்டிமார் கூடினால், யார் மின்விசிறிக்கு அடியில் படுப்பது என்ற நேற்றைய சண்டையும் அங்கேயே தீர்ந்துவிடும். சண்டை இல்லாத இல்லம் வேண்டும் என்று எண்ணாதீர்கள். பேச்சே இல்லாத இல்லம்தான் அச்சத்துக்குரியது. தேவாரம் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால் பக்கத்துத் தெருப் பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள். பங்குனிப் பொங்கலுக்குப் பராசக்தி மாரியம்மனையும், ஆடி வெள்ளியில் இருக்கன்குடித் தாயையும் காண அவர்களுக்கு ஏக்கம் இருக்கும். சொந்த ஊர்தி வைத்திருப்போர் அரை நாள் அதைக் கொடுத்தால் போதும். திருவிழாக் கூட்டத்துக்கு முந்திய வாரமே அழைத்துச் செல்வது நல்லது. இல்லத்துச் சுவரை ஒட்டி வெடி வெடிக்காதிருப்பதும் ஒரு தொண்டுதான். வெடி செய்யும் ஊர்க்காரர்களுக்கு அதன் ஓசையைப் பற்றி அடியேன் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. கைவிடப்பட்ட பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துத் திங்கள்தோறும் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற அது வழிசெய்கிறது. சொத்தைப் பிள்ளைகளுக்குத் தானமாக எழுதுவோர், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பிள்ளைகள் தவறினால் பத்திரத்தைச் செல்லாததாக்க அதுவே துணை நிற்கும். முதியோர் உதவி அழைப்பு எண் 14567. அதைத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள், பெரிய எழுத்தில்.

நாளைக் காலையிலேயே கலயம் வைக்க விரும்பும் தாய்மார்களுக்குச் சில குறிப்புகள். புதுப்பானை வாங்க வேண்டாம். மூடியுள்ள பழைய டப்பா போதும். நான்கு வேப்பிலைச் சருகு போட்டுவைத்தால் வண்டு வராது. பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் கலக்காதீர்கள், உலையில் ஒன்று வெந்து ஒன்று வேகாது. பத்து வீடு சேர்ந்ததும் ஒரு நோட்டில் எடையை மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். அரிசியைக் கொண்டுபோகும் முன் இல்லத்துச் சமையற்கட்டில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இந்த வாரம் அரிசி இருக்கிறது, துவரம்பருப்புதான் இல்லை என்று அவர்களே சொல்வார்கள்.