முன்பின் அறியாத சொல்

ஆங்கிலம் பயிலும் பிள்ளைக்கு ஃபோனிக்ஸ் பயிற்சி தேவைப்படுகிறது என்பதை எதைக் கொண்டு அறிவது என்பதே இவ்வுரையின் பொருள். எந்த எழுத்து எந்த ஒலியைக் குறிக்கிறது என்பதை முறைப்படி கற்பித்து, அவ்வொலிகளைக் கூட்டிச் சொல்லாக வாசிக்கவும், சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுதவும் பழக்கும் முறைக்கே ஃபோனிக்ஸ் என்று பெயர். தமிழின் முப்பது முதலெழுத்துகளையும் அறிந்து, மெய்யும் உயிரும் கூடும் விதம் பிடிபட்ட பிள்ளை, பொருள் தெரியாத சொல்லைக்கூடப் பெரும்பாலும் தவறின்றி வாய்விட்டு வாசித்துவிடும். ஆங்கிலத்திலோ 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. ஓரெழுத்து பல ஒலி தருவதும், ஈரெழுத்து சேர்ந்து ஓரொலி தருவதும், எழுதப்பட்ட எழுத்து ஒலிக்காமல் கிடப்பதும் அங்கு வழக்கம். ஆகவே, ‘எல்லா எழுத்தையும் தடையில்லாமல் சொல்கிறானே, இனி என்ன’ என்று பெற்றோர் மனநிறைவு கொள்வது தமிழைப் பொறுத்தவரை ஓரளவு சரியான கணக்கு. ஆங்கிலத்தில் அது வாசலைக்கூடத் தொடாத கணக்கு.

தங்கச் சுரங்க ஊரான தங்கவயலில் இக்கேள்வி மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது. 1880இல் ஜான் டெய்லர் சுரங்க நிறுவனம் இங்கே கால்வைத்த நாள்முதல் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆங்கிலம் ஏட்டின் வழியாக வரவில்லை, செவியின் வழியாகவே வந்தது. ஷாஃப்ட், கேஜ், மில், ஷிஃப்ட் என்னும் சொற்களை, கையெழுத்துப் போடத் தெரியாதவரும் லைன் வீடுகளில் நாள்தோறும் புழங்கினார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்று வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். அவர்களுள் பலருக்குத் தாய்மொழி நாவில் உண்டு, கையில் இல்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்வது ஊரின் அன்றாடமாகிவிட, ஆங்கிலம் சம்பளத்தோடு பிணைந்த மொழியாயிற்று. அதனால் இவ்வூர்ப் பிள்ளை ஆங்கிலத்தைப் பேசும் அழகைக் கண்டே, அது வாசிக்கவும் தெரிந்த பிள்ளை என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. பேச்சு வேறு, வாசிப்பு வேறு. முன்னது தானே வரலாம், பின்னதைக் கற்பித்தே ஆகவேண்டும்.

பயிற்சி தேவை என்பதற்கான முதல் அறிகுறி பாடப்புத்தகத்தின் மேலேயே தென்படும், ஆனால் அதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பாடத்தை விரல் வைத்து வாசிக்கும்போது, குரல் வரியின் முடிவை எட்டியபின்னும் விரல் நடுவரியிலேயே நிற்கிறதா என்று கவனிக்கவேண்டும். நின்றால், அப்பிள்ளை மனப்பாடத்தை ஒப்பிக்கிறது, கண் வாசிக்கவில்லை. படத்தைக் கையால் மறைத்ததும் வேகம் குறைந்தால், சொல்லைப் படமே சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதே வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொன்னால், மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லாததால், உண்மை சில நொடிகளில் வெளிவந்துவிடும்.

இரண்டாவது அறிகுறி நோட்டுப்புத்தகத்தில் இருக்கிறது. ஆங்கில வரியின் தலைக்குமேல் பென்சிலால் பொடியாகக் கன்னட எழுத்தில் உச்சரிப்பு எழுதப்பட்டிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். தமிழ்நாட்டில் அதே இடத்தில் தமிழெழுத்து இருக்கும். இது பிள்ளையின் சோம்பல் அன்று. ஒலியைச் சரியாகக் காட்டும் எழுத்து ஒன்று கைவசம் இருக்க, காட்டாத எழுத்தைக் கைவிட்டு அதைப் பற்றிக்கொண்ட சாமர்த்தியம் அது. ஆனால் பிள்ளை வாசிப்பது கன்னடத்தை. அதன் கீழிருக்கும் ஆங்கிலம் வெறும் கோலமாகவே நின்றுவிடுகிறது. நான்காம் வகுப்பிலும் அப்பென்சில் எழுத்து தொடருமானால் ஐயத்துக்கு இடமே இல்லை.

மூன்றாவது, ஊகம். முதலெழுத்தை மட்டும் பார்த்து, ‘ஹவுஸ்’ என்று இருக்குமிடத்தில் ‘ஹார்ஸ்’ என்று வாசித்து, ஆசிரியரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் பிள்ளை வாசிக்கத் தேடும் இடம் ஆசிரியரின் முகமே. இதற்கு நம் வகுப்பறை வழக்கமும் ஒரு காரணம். ‘சி, ஏ, டி, கேட்’ என்று உரக்க ஒப்பிக்கும் முறையில் பிள்ளை கற்பது எழுத்தின் பெயரை. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. ‘டபுள்யூ’ என்னும் நீண்ட பெயரில் அவ்வெழுத்தின் ஒலி துளியும் இல்லை. ‘சி’ என்னும் பெயரிலோ, ‘கேட்’ என்ற சொல்லில் அவ்வெழுத்து தரும் ககர ஒலி இல்லை. பெயர்களை எத்தனை முறை அடுக்கினாலும் சொல் பிறக்காது. பிறந்ததுபோல் தோன்றினால் அது நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட சொல்லாகும். ஒரேயொரு எழுத்தை மாற்றி, ‘கேட்’ இருந்த இடத்தில் ‘வேட்’ என்று எழுதிக் காட்டினால், ஒப்பித்த பிள்ளை நின்றுவிடும். ஒலி அறிந்த பிள்ளை நடந்துவிடும்.

இந்த எழுத்து மாற்றமே உறுதியான சோதனைக்கு அடிப்படை. இங்கிலாந்து அரசு 2012 முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடத்திவரும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்கள் உண்டு. அவற்றுள் 20 உண்மைச் சொற்கள், எஞ்சிய 20 எந்த அகராதியிலும் இல்லாத பொய்ச்சொற்கள். பொய்ச்சொல் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு விநோதப் பிராணியின் படம் அச்சிடப்பட்டு, அதுவே அப்பிராணியின் பெயர் என்று பிள்ளைக்குச் சொல்லப்படுகிறது. முன்பின் கேட்டிராத பெயருக்கு நினைவு உதவாது, படமும் உதவாது, அம்மாவின் முகமும் உதவாது; எழுத்தொலி ஒன்றே துணை. இதற்குப் பெருஞ்செலவு ஏதும் வேண்டாம். ‘மிப்’, ‘ஷப்’ என்று ஒலிக்கும்படி பத்துச் சொற்களை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதிவைத்தால் ஆண்டர்சன்பேட்டை வீட்டுத் திண்ணையிலும் அச்சோதனையை நடத்தலாம்.

ஆயினும், தமிழ் நாவுக்கு இயல்பான சில பழக்கங்களை வாசிப்புக் குறையாக எண்ணி மயங்கக்கூடாது. ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றும், ‘பஸ்’ என்பதை ‘பஸ்ஸு’ என்றும் வாசிக்கும் பிள்ளை எழுத்தைச் சரியாகவே கண்டுகொண்டது. நாவு தன் வழியில் சொன்னது, அவ்வளவே. பகரத்தின் வல்லொலியையும் மெல்லொலியையும் பிரிக்கத் தடுமாறுவது சற்றே வேறு வகை. ‘பால்’ என்னும் சொல்லில் ஒரு விதமாகவும் ‘அம்பு’ என்னும் சொல்லில் வேறு விதமாகவும் ஒலிக்கும் எழுத்து தமிழில் ஒன்றே; ஆங்கிலத்திலோ அவை இரு வேறு எழுத்துகள். இங்கேதான் தங்கவயல் பிள்ளைக்கு ஒரு வசதி வாய்த்திருக்கிறது. கன்னடத்தில் பகர வரிசைக்கு மட்டும் நான்கு எழுத்துகள் இருப்பதால், அவ்விரு ஆங்கில எழுத்துகளுக்கும் உரிய கன்னட எழுத்துகளைக் காட்டிவிட்டால் வேறுபாடு ஒரே நாளில் தெளிவாகிவிடும். உயிரொலி ஒன்றில் மட்டும் எந்த மொழியும் கைகொடுப்பதில்லை: தமிழர் ‘பேங்க்’ என்று எழுதுவதைக் கன்னடர் ‘ப்யாங்க்’ என்று எழுதுவர், இரண்டுமே ஆங்கில ஒலிக்கு அருகில் சென்று நிற்பவை. அதைத் தனியே, காதால் கேட்டுத்தான் பழக்கவேண்டும்.

ஒலி கூட்டுவதில் பிள்ளை தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலும் அதைத் தோண்டிவைப்பவர் ஆசிரியரே. மூன்றெழுத்துச் சொல்லுக்கு ‘பு’, ‘ஏ’, ‘டு’ என்று ஒலி சொல்லிக்கொடுத்தால், பிள்ளை கூட்டிப் பெறுவது ‘புஏடு’. ‘பேட்’ எங்கே என்று அது விழிப்பதில் வியப்பில்லை. மெய்யோடு ஒட்டிக்கொண்ட உகர வால் அறுபடவேண்டும். நம் திண்ணைப் பள்ளிகள் இச்சிக்கலை என்றோ அறிந்திருந்தன. தனி மெய்யைச் சொல்ல ‘இக், இங், இச்’ என்று உயிரை முன்னால் வைத்து, பின்னால் வால் முளைக்காமல் காத்தன. தொல்காப்பியத்தின் பிறப்பியல், ஒவ்வொரு எழுத்தும் நாவும் அண்ணமும் இதழும் எங்கே பொருந்தப் பிறக்கிறது என்று வரையறுக்கிறது. மேற்பல்லும் இதழும் இயைய வகரம் பிறப்பதை அறிந்த ஆசிரியர், அதே இடத்தில் குரலின்றி மூச்சை மட்டும் விட்டால் ஆங்கில ‘எஃப்’ ஒலி வரும் என்று காட்டிவிட முடியும். மேல்நாட்டிலிருந்து பெட்டியில் வரும் ஃபோனிக்ஸ் அட்டைகளுக்குப் பணம் கட்டுமுன் பிறப்பியலையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

மேல்நாட்டில் இதைக் குறித்து நீண்ட வழக்கே நடந்தது. 1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ் சொல்லை முழுமையாக மனத்தில் இருத்தும் முறையைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்; 1967இல் ஜீன் சால் ஆய்வுகளை நிறுத்துப் பார்த்து ஒலிவழியின் பக்கம் சாய்ந்தார்; 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும் முறையான ஃபோனிக்ஸ் பயிற்சி பயன் தருகிறது என்றே அறிக்கை தந்தது. ஆனால் எல்லா நோய்க்கும் இதுவே மருந்தன்று. 1986இல் காஃப், டன்மர் என்னும் இருவர், எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு என்றனர். பெருக்கல் என்பதால், இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழியே. பொய்ச்சொல்லையும் பிழையின்றி வாசித்துவிட்டு, வாசித்த பத்திக்குப் பொருள் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வேண்டியது சொல்வளம், கதை, பேச்சு. அதற்கு மேலும் ஃபோனிக்ஸ் வகுப்பு வைப்பது வீண். கரும்பலகையை நோக்கிக் கண்ணைச் சுருக்கும் பிள்ளைக்கும், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கும் முதலில் வேண்டியவை கண், காது பரிசோதனைகள். ஒலிவழியாகப் பல மாதம் கற்பித்தும் எழுத்தொலி ஒட்டாத பிள்ளைக்கு டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு இருக்கக்கூடும். அதை வல்லுநர் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை ‘மக்கு’ என்னும் சொல் அவ்வீட்டில் ஒலிக்காதிருக்கட்டும்.

பயிற்சிக்குப் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. இவ்வூர்ப் பலகைகளே போதும். ‘ஷாஃப்ட்’ என்பதன் தொடக்கத்தில் ஈரெழுத்து ஓரொலியாவதும், ‘ரீஃப்’ என்பதன் நடுவில் இரண்டு ‘ஈ’ சேர்ந்து நெடிலாவதும், ‘மைன்’ என்பதன் கடைசி ‘ஈ’ தான் ஒலிக்காமல் முன்னுள்ள உயிரை நீட்டுவதும் தாத்தா காலம்தொட்டு இங்கே எழுதிக் கிடக்கின்றன. ஊரார் நாவில் உரிகம் என வழங்கும் ரயில் நிலையத்தின் பெயர் ஆங்கிலப் பலகையில் இரண்டு ‘ஓ’, ஓர் ‘ஆர்’, பிறகு ‘ஜி’, ‘ஏ’, ‘யு’, ‘எம்’ என்று நிற்கிறது. ரயில் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் பலகையைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, ‘ஊர்காம்’ என்று தப்பாக வாசித்து, ‘அட, நம்ம உரிகம்’ என்று சிரிக்கும் பிள்ளைக்கு இனி ஃபோனிக்ஸ் வகுப்பு தேவையில்லை.