கைகாட்டி மரமும் வண்டியும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

    

இந்நாளில் பெருநகரங்களிலே 'லைஃப் கோச்சிங்' என்றொரு தொழில் வளர்ந்திருக்கிறது. வாழ்க்கைப் பயிற்சி என்று தமிழில் சொல்லலாம். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்றுக்கொண்டு, வழி தெரியாது நிற்பவருக்கு அவர் போக விரும்பும் இடத்தைத் தெளிவாக்கி, அங்கே போய்ச் சேரும்வரை துணை நிற்பது அத்தொழில். பெயரைக் கேட்டு நகைக்க வேண்டா. ஹங்கேரி நாட்டில் கோச் என்னும் சிற்றூரில் செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு அவ்வூரின் பெயரே நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மாணவர்கள், தேர்வு என்னும் கரையில் தம்மைக் கொண்டு சேர்க்கும் தனியாசிரியரை வேடிக்கையாக அப்பெயரிட்டு அழைத்தனர். இவ்வரலாறு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வழியைச் சுட்டும் கைகாட்டி மரம் நின்ற இடத்திலேயே நிற்கும். வண்டியோ உடன் வரும்.

நம் சமுதாயத்திற்கு இது புதிய செய்தியன்று. பம்பாயில் சர்னி ரோடு பூங்காவில் ஒரு சிறுவன் நாள்தோறும் அமர்ந்து படிப்பதைக் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் கண்டார். கண்டு கடந்து போகவில்லை; நெருங்கி, யார் என்று விசாரித்தார். 1907இல் அச்சிறுவன் மெட்ரிக்குலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அந்நூல் எதற்கு விதையாயிற்று என்பதை 1956ஆம் ஆண்டின் நாகபுரி அறியும். கேளுஸ்கர் அத்துடனும் நிற்கவில்லை. இன்டர்மீடியட் முடித்த அம்மாணவனுக்கு மேலே படிக்கப் பொருள் இல்லாதபோது, பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் பி.ஏ. பட்டம், 1913இல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம். டாக்டர் அம்பேத்கரின் அறிவும் உழைப்பும் அவருடையவை. ஆயினும், மன்னரின் வாசல்வரை உடன் நடந்த அந்த ஆசிரியரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

இனி, நாம் தவறிய கதை. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் முதலாவதாக வந்தான் நம் காலனிப் பிள்ளை ஒருவன். முடிவு வந்த அன்று பொன்னாடை போர்த்தினோம். "நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வா" என்று வாழ்த்தினோம். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாள் கடந்து இரண்டு வாரம் சென்றபின், அசல் மதிப்பெண் பட்டியல் வாங்க அவன் வரவில்லையே என்று விசாரித்தோம். தந்தையுடன் பெங்களூருக்குச் சென்டிரிங் வேலைக்குப் போய்விட்டானாம். பள்ளிக்கும் அவன் வீட்டிற்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நாம் போகவில்லை. பிற்பாடு ஒருநாள், காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் அவனே வந்து கும்பிட்டான். ஏனப்பா விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டோம். "என்ன படிக்கப் போறேன்னு யாருங்க சார் கேட்டாங்க?" என்றான். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னான். அன்று வாங்கப்போன காய்கறியை வாங்காமலே வீடு திரும்பினோம்.

உதவிகள் இல்லாமலில்லை. குடும்பத்தில் முதற் பட்டதாரியாகும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் வந்தது; மறு ஆண்டே பொறியியல் முதலியவற்றிற்கும் விரிந்தது. 2022இல் 'நான் முதல்வன்' திட்டமும், கல்லூரி செல்லும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப்பெண்' திட்டமும் வந்தன. ஆனால் விண்ணப்பத்திற்கான ரகசிய எண் தந்தையின் கைப்பேசிக்கு வருகிறது. தந்தையோ பெங்களூரில் சாரத்தின்மேல் நிற்கிறார். சாதிச் சான்றும், வருமானச் சான்றும், முதல் பட்டதாரிச் சான்றும் இ-சேவை மையத்தில் எப்போது கேட்கவேண்டும் என்பது, அப்பிள்ளையின் வீட்டில் எவருக்கும் தெரியாது.

அந்த நகரத்துப் பயிற்சியாளர் செய்வதுதான் என்ன? அவர் அறிவுரை கூறுவதில்லை, கேட்கிறார். நீ என்ன ஆக விரும்புகிறாய், அதற்கு அடுத்த மாதத்திற்குள் செய்யவேண்டியது எது என்று கேட்கிறார். அடுத்த மாதம் வந்ததும், சொன்னதைச் செய்தாயா என்று மறவாமல் கேட்கிறார். கேட்டுவிட்டு விடை வரும்வரை வாய்மூடி இருப்பதுதான் ஆசிரியராகிய நமக்கு வாராத கலை. நம் பெண்பிள்ளைகளைக் கேட்டால் செவிலியர், ஆசிரியை, காவலர் என்ற மூன்றுக்குமேல் சொல்லமாட்டார்கள். அவர்கள் கண்டவை அவ்வளவே. ஆதலால் முதலில் காட்டவேண்டும். தருமபுரி மருத்துவக் கல்லூரியும், செட்டிக்கரைப் பொறியியல் கல்லூரியும், கடகத்தூர்த் தொழிற்பயிற்சி நிலையமும் நமக்குத் தொலைவில் இல்லை. இவ்வூர் அரசு மகளிர் கல்லூரியின் உள்ளே நம் தாய்மார்களில் எத்தனை பேர் நுழைந்து பார்த்திருக்கிறீர்கள்?

இச்சங்கத்தில் நடத்துநர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், ஓய்வுபெற்ற எழுத்தர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் படிவம் நிரப்பிப் பழகியவர்கள். தாலுகா அலுவலகப் படியேற அஞ்சாதவர்கள். ஆளுக்கு ஒரு பிள்ளை போதும். மாதம் ஒருமுறை அப்பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் போதும்.

வாசலில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் நம் பிள்ளைகளின் பெயர்கள் அதன் இடப்பக்கம் உள்ளன. வலப்பக்கத்தில் முதல் வரியில் மட்டும் நம் பெயரை எழுதியிருக்கிறோம். மற்ற வரிகள் வெறுமையாக இருக்கின்றன. பேனாவும் அங்கேயே இருக்கிறது.