நான்கு பொம்மைகளும் ஹார்லெமும்



கெனத் கிளார்க், அவர் மனைவி மேமி. இருவரும் கறுப்பின அமெரிக்க உளவியலாளர்கள். 1940-களில் இவர்கள் நான்கு பொம்மைகளை வைத்துக் கறுப்பினக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். பொம்மைகள் எல்லாம் ஒரே வார்ப்பு. இரண்டு பழுப்பு நிறம், கறுத்த முடி. இரண்டு வெள்ளை, மஞ்சள் முடி.

குழந்தைகள் மொத்தம் 253 பேர், மூன்று வயது முதல் ஏழு வயது வரை. விளையாட உனக்குப் பிடித்த பொம்மையைக் கொடு என்றதும், மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்து நீட்டினார்கள். பார்க்க மோசமாக இருப்பது எது? பாதிக்கும் மேல் பழுப்பைக் காட்டினார்கள். கடைசியில்தான் சிக்கலான கேள்வி: உன்னைப் போல இருப்பது எது? சற்றுமுன் மோசம் என்று ஒதுக்கியதையே இப்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். சில குழந்தைகள் அழுதே விட்டார்கள். சிலர் எழுந்து ஓடினார்கள்.

எதிரே நின்று யாரும் இழிவாகப் பேசவில்லை. கேள்வி கேட்டவரும் கறுப்பினத்தவர்தான். ஆனாலும் அந்த இழிவு உள்ளே குடியேறியிருந்தது.

1954-இல், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், கெனத் கிளார்க்கின் ஆய்வை அடிக்குறிப்பில் சுட்டியது. நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே சோதனையில், வெள்ளைக் குழந்தைகளோடு சேர்ந்து படித்த வடமாநிலக் குழந்தைகளும் வெள்ளைப் பொம்மையைத்தான் எடுத்தார்கள். பிரித்துவைத்த பள்ளிகளில் படித்த தென்மாநிலக் குழந்தைகளைவிடச் சற்று அதிகமாகவே. பள்ளிக் கதவைத் திறந்துவிட்டால் தீர்ந்துவிடும் சங்கதியாக இது இல்லை.

கறுப்பினத்தவர் தங்களையே வெறுக்கிறார்கள் என்று இதை வைத்து முடிவுகட்டியவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னாளில் சுயமதிப்பை அளந்த ஆய்வுகளில் கறுப்பின அமெரிக்கர்கள் வெள்ளையரைவிடத் தாழ்ந்து நிற்கவில்லை. உலகம் எந்த நிறத்துக்கு என்ன விலை போடுகிறது என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. அந்த விலையைத் தனக்கும் ஒட்டிக்கொள்வது வேறு விஷயம். வீட்டாலும் உறவாலும் அதைத் தடுக்க முடியும், எப்போதும் முடிவதில்லை.

முடியாதபோது எங்கே போவது? மனநல மருத்துவத்தின் மீதே கறுப்பினத்தவர் பலருக்கு நம்பிக்கை இல்லை. இருக்கவும் நியாயமில்லை. அடிமைகள் தப்பியோடுவதை ஒரு மனநோய் என்று 1851-இல் பெயர் சூட்டி எழுதியவர் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

அதனால் பொம்மைச் சோதனையைவிட மேமி அடுத்துச் செய்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1946-இல், தன் அப்பாவிடம் கடன் வாங்கி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் அடித்தளத்தில் குழந்தைகளுக்கான நார்த்சைடு மனநல மையத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு, அதே ஹார்லெமில், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் லஃபார்க் மனநல மருத்துவமனையும் திறந்தது. அங்கே அன்று கட்டணம் 25 சென்ட்.

நார்த்சைடுக்குத் தாய்மார்கள் கொண்டுவந்த குறையே வேறு. என் பிள்ளையை மந்தபுத்தி வகுப்பில் போட்டுவிட்டார்கள், பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். சோதித்துப் பார்த்தால், பெரும்பாலான பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே அல்ல.